பதினோரு மணிச் சொட்டு

பத்து மணிச் சொட்டு விட்டாயிற்று. அடுத்தது பதினோரு மணிக்கு. அமலோற்பவம் மருந்துப் புட்டியைத் திருகி மூடி, தண்ணீர்க் கிண்ணத்துக்குள் நிறுத்திவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் மின்விசிறியைப் போட மறந்தது நினைவுக்கு வந்தது. எழுந்து போய்ப் போடலாம். போடவில்லை. மூன்று நாளாக இப்படித்தான். ஒரு காரியம் செய்ய வேண்டும் என்று தெரிகிறது, அதைச் செய்ய வேண்டிய ஆள் வேறு யாரோ என்று தோன்றுகிறது. கட்டிலில் ரீத்தா மல்லாந்து படுத்திருந்தாள். பதினோரு வயது. வலது கண்ணின் மேல் பஞ்சு, பஞ்சின் மேல் குறுக்காக இரண்டு வெள்ளை ஒட்டு. இடது கண்ணுக்கு ஒன்றும் இல்லை, ஆனால் ஒரு கண் அசைந்தால் இன்னொன்றும் கூடவே அசையுமாம், அதனால் இரண்டையும் மூடியே வைத்திருக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். ரீத்தா சொன்னபடி கேட்கிற பெண். மூடியே வைத்திருந்தாள். தூங்குகிறாளா விழித்திருக்கிறாளா என்று பார்த்தால் தெரியாது, கேட்டால் தெரியும். அமலோற்பவம் கேட்கவில்லை. இன்றைக்குப் பன்னிரண்டரை மணிக்கு ஆஸ்பத்திரியில் பஞ்சை எடுத்துவிட்டு, கண்ணில் மஞ்சள் மருந்தை விட்டு, நீல விளக்கைப் போட்டுப் பார்ப்பார்கள். புண் ஆறியிருந்தால் இந்தச் சொட்டோடு போகும். ஆறாமல் உள்ளே இறங்கியிருந்தால் மதுரைக்கு எழுதிக் கொடுக்கிறேன் என்றார். மதுரைக்கு என்றால் என்ன சார் அர்த்தம் என்று சூசைராஜ் கேட்டார். அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். அவர் அப்படிச் சொன்னபோது பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் சுவரில் மாட்டியிருந்த எழுத்துப் பலகையைப் பார்த்துச் சொன்னார். அமலோற்பவமும் அந்தப் பலகையைப் பார்த்தாள். கடைசி வரியை அவளால் படிக்க முடியவில்லை. நாற்பது வயதுக்குக் கண்ணாடி போட வேண்டும் போலிருக்கிறது என்று அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றியது, அப்படித் தோன்றியதற்கு இன்றைக்கும் அவள் தன்னைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

பத்து அஞ்சு. சுவர்க் கடிகாரம் இரண்டு நிமிஷம் முன்னால் ஓடும், ஆகவே பத்து மூன்று. சூசைராஜ் பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஒரு பத்திர எழுத்தரிடம் டைப் அடிக்கிறார். காலையில் கிளம்பும்போது, "பன்னெண்டுக்கு ஆட்டோவோட வந்துடறேன்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏண்டி, அறிவு இருக்கா என்று ஒரு வார்த்தை. அவர் திட்டுகிற ஆள் இல்லை, கோபம் வந்தால் செருப்பை ஒழுங்காக வைப்பார், மேசையில் கிடக்கும் காகிதங்களை அடுக்குவார். மூன்று நாளாக வீடு அவ்வளவு ஒழுங்காக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரீத்தா கண்ணைக் கசக்கிக்கொண்டு குதித்தபோதும் அவர் ஒன்றும் கேட்கவில்லை, குழாயடியில் பிள்ளையின் தலையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரை அடித்தார், அடித்தார், சட்டை முழுக்க நனைந்தும் விடாமல் அடித்தார். தண்ணீர் அடித்ததுதான் கண்ணைக் காப்பாற்றியிருக்கிறது, இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் கதை வேறு என்றார் டாக்டர். இன்னும் கொஞ்ச நேரம். நேரம் என்ற சொல் வந்த இடத்தில் அவளுடைய நினைப்பு பாவாடை முள்ளில் மாட்டியதுபோல் நின்றது. இழுத்தால் கிழியும். அவள் இழுக்கவில்லை, வேறு பக்கம் போனாள்.

பேன் வந்தபோது அவள் சந்தோஷப்பட்டாள். இதை யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் பைத்தியம் என்பார்கள், அதைவிட மோசமாகவும் சொல்லலாம். பள்ளிக்கூட டைரியில் டீச்சர் சிவப்பு மையில் எழுதி அனுப்பியிருந்தார், தங்கள் மகளின் தலையில் பேன் அதிகம், மற்றப் பிள்ளைகளுக்குப் பரவுகிறது, கவனிக்கவும் என்று. சூசைராஜ் படித்துவிட்டு டைரியை அவளிடம் நீட்டினார். கல்யாணமாகி ஒன்பது மாதத்தில் பிள்ளை விஷயமாக அவர் அவளிடம் எதையும் நீட்டியதில்லை. அதுவரைக்கும் ரீத்தாவின் தலை அவளுக்குத் தொடக்கூடாத பண்டம். டெய்சி, ரீத்தாவைப் பெற்றவள், போய்ச் சேர்ந்து இரண்டரை வருஷம் ஆகிறது. அவள் இருந்தவரை அவள் பின்னிவிட்டாள், பிறகு பிள்ளை தானே பின்னக் கற்றுக்கொண்டது. கண்ணாடி முன்னால் நின்று, ரிப்பனைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஒன்று மேலே ஒன்று கீழே என்று இரட்டைப் பின்னல். வகிடு ஒருநாளும் நேராக வந்ததில்லை. "இங்க வா பாப்பா, நான் போட்டு விடறேன்" என்று வந்த புதிதில் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தாள். "வேணாங்க, நானே போட்டுக்குவேன்." மரியாதைக்குக் குறைச்சலே இல்லை. இந்தாங்க, வாங்க, சாப்பிட்டாச்சுங்க. சித்தி என்று மட்டும் வராது, அம்மா என்பது கேள்வியே இல்லை. ஒரு ஆளை எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிடாமல் ஒரே வீட்டில் ஒன்பது மாதம் பேசிக்கொண்டிருக்க முடியும் என்பதை அந்தப் பிள்ளையிடம்தான் அமலோற்பவம் தெரிந்துகொண்டாள். அப்படியிருக்க, எந்தப் பிள்ளையின் தலையிலிருந்தோ நாலு பேன் கிளம்பி வந்து, அவளால் ஒன்பது மாதம் முடியாததை ஒரே வாரத்தில் முடித்துக் கொடுத்தன. வேண்டாம் என்று சொல்ல ரீத்தாவுக்கு இந்தத் தடவை வழியில்லை. டீச்சர் சொல்லிவிட்டார். சிவப்பு மை.

பேன் அவளுக்கு விளையாட்டு. கல்யாணத்துக்கு முன்னால் பதினோரு வருஷம் கன்னியாஸ்திரீகள் நடத்திய பெண்பிள்ளைகள் விடுதியில் சமையலுக்கும் பிள்ளைகளைக் கவனிப்பதற்கும் அவள்தான் இருந்தாள். அறுபது தலை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அறுபது தலையும் அவள் கைக்கு வரும். பொடுகு என்றால் பொடுதலை இலையை அரைத்து எண்ணெயில் காய்ச்சி வைத்திருப்பாள். சூடு என்றால் முந்தின நாளே வெந்தயம் ஊறப்போட்டுவிடுவாள். ஒருத்திக்குப் பின்மண்டையில் ரூபாய் வட்டத்துக்குப் புழுவெட்டு விழுந்து, அழுது அழுது சாப்பிடாமல் கிடந்தாள். மூன்று மாதம் சின்ன வெங்காயத்தைத் தட்டித் தேய்த்துத் தேய்த்து அங்கே பூனை மயிர் மாதிரி முதலில் வெள்ளையாக வந்து, பிறகு கறுத்தது. அந்தப் பிள்ளையை விட இவள்தான் அன்றைக்கு அதிகமாகக் குதித்தாள். மதர்கூட, அமலா, உன் கையில என்னமோ இருக்கு என்பார். இருக்கும். அவளைப் பெண் பார்க்க வந்தவர்களும் அதைத்தானே சொன்னார்கள், முடி மட்டும் நல்லாயிருக்கு என்று. அந்த மட்டும் என்ற வார்த்தையை எத்தனை வீட்டில் கேட்டிருக்கிறாள். முடியை மட்டும் கட்டிக்கொண்டு போக யாரும் வரவில்லை, முப்பத்தொன்பது வயதில் சூசைராஜ் வந்தார், அவரும் முடியைப் பார்க்கவில்லை, எம் பிள்ளையப் பாத்துக்குவீங்களா என்று மட்டும் கேட்டார். பாத்துக்குவேன் என்றாள். அவ்வளவு நிச்சயமாக வாழ்க்கையில் அவள் வேறு எதையும் சொன்னதில்லை. கட்டிலில் ரீத்தாவின் கை ஒரு தடவை தலைக்குப் போனது, சொறிந்தது, திரும்பி வந்து வயிற்றின் மேல் படுத்துக்கொண்டது. பத்து இருபது.

சீத்தா விதை. சிறுமலையிலிருந்து சீத்தாப்பழம் இறங்குகிற மாதங்களில் விடுதியில் பிள்ளைகள் துப்பிய விதையை எல்லாம் பொறுக்கிக் கழுவிக் காய வைத்து டப்பாவில் போட்டு வைப்பாள். இடித்து, துணியில் சலித்து, தேங்காய் எண்ணெயில் குழைத்து மயிர்க்காலில் படுகிற மாதிரி தேய்த்தால் ஒரு பேன் மிஞ்சாது. ஆனால் கண். கண்ணில் ஒரு துளி படக்கூடாது. இதை அவளுக்கு யாரும் வந்து சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, அவள் அறுபது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு அந்த ஒரு வழியும் இல்லை. பழைய துண்டை நாலாக மடித்து நெற்றியைச் சுற்றி இறுக்கிக் கட்டுவாள், புருவத்துக்கு ஒரு விரல் மேலே. வரிசையாக மதில் ஓரம் உட்கார வைப்பாள். இருபது நிமிஷம். சரியாக இருபதாவது நிமிஷம் சாப்பாட்டு மணி அடிக்கும், அடித்தவுடன் குழாயடி. பதினோரு வருஷத்தில் ஒரு பிள்ளைக்குக் கண் சிவந்ததில்லை. இங்கே மணி அடிக்க ஆள் இல்லை. துண்டு இருந்தது. துண்டை மடித்துக்கொண்டுதான் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி வெயில், பின்பக்க மொட்டை மாடிப் படியில் அவள் மேல்படியிலும் ரீத்தா கீழ்ப்படியிலும். தேய்த்து முடித்துத் துண்டைக் கட்டினாள். "இறுக்குது" என்றாள் ரீத்தா. கொஞ்சம் தளர்த்தினாள். "இப்பவும் இறுக்குதுங்க." விடுதியாக இருந்தால் சும்மா இருடி என்று ஒரு அதட்டு, பிள்ளை வாயை மூடிக்கொள்ளும், துண்டு நிற்கும். அதட்டுவதற்கு ஒரு உரிமை வேண்டும். இப்போதுதான் தலை கைக்கு வந்திருக்கிறது, இப்போது போய் அதட்டினால் எழுந்து போய்விடும். துண்டை அவிழ்த்துப் படியில் போட்டாள். கொஞ்ச நேரம்தானே, பார்த்துக்கொண்டுதானே இருக்கப் போகிறேன் என்று நினைத்தாள். பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

தொலைபேசி அடித்தது. சந்தானமேரி மதினி, சூசைராஜின் அக்கா, வத்தலக்குண்டிலிருந்து. மூன்று நாளாகப் பத்தரைக்கு அடிக்கிறாள். எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். "என்னம்மா, பாப்பா எப்பிடி இருக்கா?" "இருக்கா மதினி. இன்னைக்குப் பன்னெண்டரைக்குப் பாக்குறாங்க." "நான் ஒண்ணு கேக்குறேன், தப்பா எடுத்துக்காத. பேனுக்குத்தான் மருந்துக் கடையில ஷாம்பூ விக்கிதே. அதை வாங்கித் தேச்சிருக்கலாம்ல?" "ஆமா மதினி." "உனக்கென்ன, நீ நல்லதுக்குத்தான் செஞ்ச. நான் ஒண்ணும் சொல்லல. ஆனா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. கோயில்ல லில்லி கேக்குறா, என்ன உங்க தம்பி பொண்டாட்டி புள்ள கண்ணுல என்னத்தையோ ஊத்திட்டாளாமேன்னு. நான் விடல. வாய மூடுன்னுட்டேன்." "சரி மதினி." "எவ்வளவு நேரம்மா வச்சிருந்த அதை?" அடுப்பு மேடையில் ஒரு எறும்பு சர்க்கரைத் துணுக்கு ஒன்றை இழுத்துக்கொண்டு போனது. "இருபது நிமிஷம்" என்றாள் அமலோற்பவம். "இருபது நிமிஷத்துக்கா இப்பிடி?" என்றாள் மதினி. பிறகு செபம் பண்ணு என்று சொல்லிவிட்டு வைத்தாள். செபம் பண்ணத்தான் நினைத்தாள். மூன்று நாளாக அருள் நிறைந்த மரியே என்று தொடங்கினால் பாதியில் வார்த்தை தீர்ந்துபோகிறது, குழாயில் தண்ணீர் நிற்பது மாதிரி. அழவும் முடியவில்லை. அழுதால்கூட ஒரு நல்ல சித்தி என்று நாலு பேர் சொல்லியிருப்பார்கள். எறும்பு மேடையின் விளிம்புக்குப் போய், கீழே பார்த்து, திரும்பியது. பத்து முப்பத்தாறு.

இருபது நிமிஷம். டாக்டர் கேட்டபோது அவள் வாயிலிருந்து அது தானாகத்தான் வந்தது, பதினோரு வருஷப் பழக்கம். அப்படி நினைத்துக்கொள்ளலாம். வந்த பிறகு அதை மாற்றாதது பழக்கம் இல்லையே. எவ்வளவு நேரம் வச்சிருந்தீங்கம்மா, சரியாச் சொல்லுங்க, அதை வச்சுத்தான் எவ்வளவு ஆழம் போயிருக்கும்னு நான் முடிவு பண்ணணும், மருந்தையும் அதுக்கேத்த மாதிரிதான் குடுக்கணும் என்று அவர் தெளிவாகத்தான் கேட்டார். அவர் பேனா காகிதத்தின் மேல் காத்திருந்தது. பக்கத்தில் சூசைராஜ் ஈரச் சட்டையோடு நின்றார். டாக்டர் இருபது நிமிஷம் என்று எழுதிக்கொண்டார், எழுதி அடியில் ஒரு கோடு போட்டார். அவள் படியில் உட்காரும்போது உள்ளே கடிகாரம் மூன்று பத்து. ரீத்தா துள்ளி எழுந்து கண்ணைக் கசக்கியபோது நாலு இருபது. ஒரு மணி பத்து நிமிஷம், கடிகாரத்தின் இரண்டு நிமிஷம் இரண்டு பக்கமும் அடிபட்டுப்போகிறது. அந்த ஐம்பது நிமிஷம் யாருக்கும் தெரியாது. டாக்டருக்குத் தெரியாமல் டாக்டர் மருந்து கொடுத்திருக்கிறார். இருபது நிமிஷத்துக்கு எவ்வளவு மருந்தோ அவ்வளவு. மீதி ஐம்பது நிமிஷத்துக்கு மருந்து எங்கே. பஞ்சுக்கு அடியில் அந்த ஐம்பது நிமிஷம் கீழே கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. கையைக் கிள்ளிப் பார்த்தாள். கிள்ளியது தெரிந்தது, வலி வந்து சேரவில்லை.

ஒரு மணி பத்து நிமிஷம் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள். ஒன்றும் செய்யவில்லை, அதுதான் விஷயம். தேய்த்துக்கொண்டிருக்கும்போதே ரீத்தாவின் கழுத்து தளர ஆரம்பித்தது. எந்தப் பிள்ளைக்கும் தலையில் விரல் ஓடினால் அப்படித்தான். முதலில் தலை முன்னால் விழுந்தது, பிறகு ஒருபக்கமாகச் சாய்ந்து, அவளுடைய வலது முழங்காலில் வந்து படுத்தது. படுத்து, அங்கேயே தங்கிவிட்டது. எண்ணெய்க் கன்னம் சேலையில் ஒட்டியது. வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒன்பது மாதத்தில் அந்த முகத்தை அவ்வளவு கிட்டத்தில், அவ்வளவு நேரம், அது திருப்பிக்கொள்ளாமல் அவள் பார்த்ததில்லை. மூக்கின் பக்கத்தில் ஒரு மச்சம் இருந்தது. மச்சம் இருப்பதே அவளுக்குத் தெரியாது. தாயாக இருந்தால் பிறந்த அன்றைக்கே தெரிந்திருக்கும். கால் மரத்தது. அசைக்கவில்லை. இருபது நிமிஷம் ஆகியிருக்கும் என்று தெரிந்தது. இன்னும் அஞ்சு நிமிஷம் என்று நினைத்தாள். அந்த அஞ்சு நிமிஷம் முடிந்து இன்னொரு அஞ்சு. எதிர் வீட்டு மாடியில் உலர்ந்த துணியை எடுத்துக்கொண்டு போனார்கள். யாராவது பார்த்தால் தாயும் மகளும் என்று நினைப்பார்கள் என்று தோன்றியது, யாராவது பார்க்கட்டும் என்றும் தோன்றியது. வெயிலில் எண்ணெய் இளகியது. அப்போதுதான் அது வந்தது. முன்நெற்றி மயிரிலிருந்து ஒரு கோடு, பழுப்பு நிறம், வேர்வையோடு கலந்து, அவசரமே இல்லாமல், புருவத்தை நோக்கி. அவள் அதைப் பார்த்தாள்.

பார்த்தாளா? பார்த்திருக்க முடியாது என்று முதல் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். எதிர் வீட்டு மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், கண் அசந்துபோனேன், வெயில் கூசியது. ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்தாள், எதுவும் நிற்கவில்லை. இரண்டாம் நாள், பார்த்தேன், ஆனால் அது மருந்து என்று தோன்றவில்லை, வேர்வை என்று நினைத்தேன் என்று சொல்லிப் பார்த்தாள். வேர்வை பழுப்பாக இருக்காது. இன்றைக்கு மூன்றாம் நாள், இன்றைக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. பார்த்தாள். புருவத்தில் அது ஒரு நிமிஷம் நின்றது. சேலைத் தலைப்பு அவள் கையிலேயே இருந்தது. கையை ஒரு சாண் நீட்டினால் போதும். நீட்டினால் விழித்துக்கொள்வாள். விழித்தால் எழுந்து உட்கார்ந்து, முடிஞ்சிருச்சாங்க என்று கேட்டு, குழாயடிக்குப் போய்விடுவாள், பேன் செத்துவிடும், பிறகு எதற்காக இந்தத் தலை தன் முழங்காலுக்கு வரும். இவ்வளவையும் அவள் அப்போது வார்த்தையாக நினைக்கவில்லை. வார்த்தையாக நினைத்திருந்தால் வெட்கப்பட்டாவது துடைத்திருப்பாள். கை நீளவில்லை, அவ்வளவுதான். அது புருவத்தைத் தாண்டி இமையின் ஓரத்துக்கு இறங்கி, மூடிய கண்ணின் மயிர்களில் தேங்கி நின்றது. மூடித்தானே இருக்கிறது என்று நினைத்தது நன்றாக நினைவிருக்கிறது. நாளைக்கு இந்தப் பெண்ணுக்கு ஒரு கண்ணில் வெள்ளை விழுந்து, இருபது வயதில் ஒருவன் பார்க்க வந்து, எல்லாம் நல்லாத்தான் இருக்கு, கண்ணு மட்டும் என்று சொல்லப்போகிறான். அந்த மட்டும். கோயிலில் லில்லி சொல்வது பொய்யாகவே இருக்கட்டும், ஊற்றவில்லை. ஆனால் ஒழுகியதைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கும் ஊற்றியவளுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது. வெறுப்பால் செய்திருந்தாலாவது அதற்கு ஒரு பெயர் இருக்கும், ஊருக்குத் தெரிந்த பெயர். பிள்ளை மடியை விட்டுப் போய்விடக்கூடாது என்று பிள்ளையின் கண்ணை விட்டவளுக்கு என்ன பெயர். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். முள் பதினொன்று தாண்டி இரண்டு நிமிஷத்தில் நின்றது. பதினோரு மணி.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். துடைக்காமல் உதறினாள், துணியில் அழுக்கு இருக்கும் என்று நர்ஸ் சொல்லியிருக்கிறாள். "பாப்பா, சொட்டு" என்றாள். ரீத்தா தலையை நிமிர்த்திக் கொடுத்தாள். ஒட்டை மெதுவாக உரித்து, பஞ்சை எடுத்தாள். இமை வீங்கி, ஓரமெல்லாம் சிவந்திருந்தது. கீழிமையை ஒரு விரலால் இழுத்து ஒரு சொட்டு விட்டாள். எரியும். முதல் நாள் கத்தினாள், இப்போது கால் கட்டைவிரலை மட்டும் மடக்கிக்கொள்கிறாள். மடக்கினாள். மருந்து உள்ளே போகட்டும் என்று இரண்டு பேரும் சும்மா இருந்தார்கள். "அன்னைக்கு நான் தூங்கல" என்றாள் ரீத்தா.

"என்னைக்கு?"

"தலையில மருந்து வச்சீங்கல்ல, அன்னைக்கு. தூங்கல. சும்மா கண்ண மூடிட்டு இருந்தேன்."

அமலோற்பவத்தின் விரல் கன்னத்தின் மேலேயே நின்றுவிட்டது. "ஏன் பாப்பா?"

"எந்திரிச்சா முடிஞ்சு போயிரும்ல. நல்லா இருந்துச்சு. அதான்."

"மூஞ்சியில ஒழுகுனது தெரிஞ்சுச்சா?"

"சில்லுன்னு தெரிஞ்சுச்சு." ரீத்தா கொஞ்சம் யோசித்தாள். "நீங்க துடைப்பீங்கன்னு இருந்தேன்."

மூன்று நாளாக வராதது எல்லாம் அப்போது வந்தது. பயமா சந்தோஷமா என்று பிரித்துச் சொல்ல முடியாது, இரண்டும் ஒரே வாசலில் முண்டிக்கொண்டு வந்தன. இந்தப் பிள்ளைக்கும் பிடித்திருந்தது. இந்தப் பிள்ளையும் எழுந்துகொள்ளாமல் இருந்தது. ஆளுக்கு ஒரு பக்கம் அசையாமல், பிள்ளை விழித்துவிடுவாள் என்று இவளும் இவள் முடித்துவிடுவாள் என்று பிள்ளையும், நடுவில் அது இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. ரீத்தாவாவது சின்னப் பிள்ளை. இவளுக்கு என்ன வந்தது. அமலோற்பவம் புட்டியைக் கிண்ணத்தில் வைத்தாள், தண்ணீர் சிந்தியது. "நான் பாத்தேன் பாப்பா" என்றாள். "அது இறங்கி வந்தத நான் பாத்துட்டுத்தான் இருந்தேன். துடைச்சா நீ எந்திரிச்சிருவேன்னு விட்டுட்டேன்."

கீழே தெருவில் தயிர்க்காரம்மா இரண்டு தடவை கூவிவிட்டுப் போனாள். ரீத்தாவின் மூடிய இடது கண்ணின் ஓரத்தில் ஈரம் வந்தது, வலது கண்ணில் வந்தது மருந்தா அதுவா என்று தெரியவில்லை. கோபமாகத்தான் இருக்கும், இருக்கட்டும், அதற்கு உரிமை உள்ள பிள்ளை என்று அமலோற்பவம் நினைத்தாள். புதுப் பஞ்சை எடுத்து வைத்து, ஒட்டை ஒட்டினாள். ஒரு ஒட்டு கோணலாக விழுந்தது.

"அப்ப இருபது நிமிஷம் இல்லையா?" என்றாள் ரீத்தா.

"இல்ல. ஒரு மணி நேரத்துக்கு மேல."

"டாக்டர்கிட்ட இருபதுன்னுதான சொன்னீங்க."

"ஆமா."

பிறகு ரீத்தா அவசரமாக, முணுமுணுப்பாகச் சொன்னாள். "அப்பாகிட்ட சொல்லாதீங்க. சொன்னா அப்புறம் உங்கள என் தலையத் தொட விடமாட்டாரு."

அமலோற்பவம் அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டு நின்றாள். இதற்காகத்தானே ஒன்பது மாதம் காத்திருந்தாள், இதற்கு மேல் இந்த வீட்டில் அவளுக்கு வேண்டியது ஒன்றுமில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், இருபது நிமிஷம் இருபது நிமிஷமாகவே இருந்துவிடும், நாளையோ அடுத்த வாரமோ பின்னல் போட இந்தத் தலை தானாக வரும். கண் வருமா என்று மட்டும் தெரியாது. அவள் மின்விசிறியைப் போட்டாள். போட்டுவிட்டு, சமையலறை மேடையிலிருந்து தொலைபேசியை எடுத்துக்கொண்டு திரும்பக் கட்டிலுக்கே வந்தாள், பிள்ளைக்குக் கேட்காத இடத்தில் நின்று பேசுவதாக இல்லை. சூசைராஜ் மூன்றாவது மணியிலேயே எடுத்தார். பின்னால் யாரோ சர்வே நம்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். "என்ன, பாப்பாவுக்கு என்ன?" என்றார். ரீத்தா கண்ணைத் திறக்காமலேயே, தலையணையின் மேல் தலையை வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு பக்கமும் ஆட்டினாள். அமலோற்பவம் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "டாக்டர்கிட்ட நான் பொய் சொல்லிட்டேங்க."